வழிகாட்டி ஆசிரியர் பட்டியல்: பெயர் கொடுக்கலாமா, வேண்டாமா?

வாசகர் கேள்வி – 19.06.2024

எங்கள் மேல்நிலைப் பள்ளியில் இந்த வருடம் புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும் "விருப்பத்தின் பேரில்" ஆளுக்குப் பத்து மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருக்க வேண்டுமாம். விருப்பம் சொல்லாதவர் பெயரும் பட்டியலில் இருக்கிறது, அது வேறு கதை. எமிஸ் (மாணவர் விவர இணையதளம்) பதிவு, சிறப்பு வகுப்பு, பேப்பர் திருத்துவது எல்லாம் போக இதற்கு நேரம் எங்கே? எனக்குப் பாடம் நடத்தத்தான் சம்பளம். இன்னொன்று, ஆபீஸில் இருப்பவருக்கும் வாட்ச்மேனுக்கும் இதில் என்ன வேலை? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

19.06.2024, இரவு 10.40

பெயர் கொடுங்கள். பத்துப் பேருக்கு வேண்டாம்.

நான் வேதியியல் முதுகலை ஆசிரியர், பதினேழு வருட சர்வீஸ், செஞ்சிக்கு மேற்கே ஒரு கிராமத்து அரசுப் பள்ளி. எங்கள் பள்ளியில் 2018லேயே இதை ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பும் ஒன்று இருந்தது, தத்தெடுப்பது என்று சொல்வோம். அரையாண்டு மார்க் வந்ததும் ஃபெயில் ஆகிற பிள்ளைகளை ஆளுக்கு எட்டு பத்து என்று பிரித்துக்கொள்வது, காலை நாலரைக்கு போன் போட்டு எழுப்புவது. ஒரு பையனுடைய அப்பா ஒருநாள், "டீச்சர், அவன் எழுந்து படிக்கிறான், போன் என் தலமாட்டுல இருக்கு, நான்தான் தூங்க முடியல" என்றார். அதெல்லாம் தேர்ச்சி சதவீதத்துக்காக. தப்பென்று சொல்லவில்லை, நானும் செய்திருக்கிறேன், ஆனால் அது வழிகாட்டுவது ஆகாது.

அந்த நினைப்பிலேயே 2018இல் பெயர் கொடுத்தேன். பத்துப் பேரில் மூன்று பேர் தானாக வந்து பேசினார்கள். நாலு பேர் கூப்பிட்டால் வந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு பேர் என்னைப் பார்த்தாலே வராண்டாவில் அந்தப் பக்கமாகத் திரும்பிப் போவார்கள். ஒருவன் அடுத்த வருடம் குடும்பச் சூழ்நிலையால் படிப்பை நிறுத்திவிட்டான்.

20.06.2024

நேற்று இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டேன். ஆபீஸில் இருப்பவருக்கு என்ன வேலை என்று கேட்டீர்களே, எங்கள் பள்ளியிலேயே நல்ல வழிகாட்டி யார் என்றால் ஆய்வக உதவியாளர்தான். பட்டியலில் ஒரு வருடம்கூட அவர் பெயர் வந்தது கிடையாது. நேரம் கிடைக்கும்போது விரிவாக எழுதுகிறேன், இப்போது இரண்டாவது மணி அடித்துவிட்டார்கள்.

23.06.2024, ஞாயிறு

எழுதுகிறேன் என்றேன். இதோ.

அவர் 2017இல் சேர்ந்தவர். பிள்ளைகள் "அண்ணே" என்று கூப்பிடுவார்கள், எங்களை மாதிரி சார், மிஸ் கிடையாது. பிராக்டிகல் முடிந்தால் சோதனைக் குழாய், பிப்பெட், பியூரெட் எல்லாம் கழுவி ஸ்டாண்டில் கவிழ்க்க வேண்டும். விதிப்படி பார்த்தால் அது அவர் வேலை. ஆனால் தினமும் யாராவது இரண்டு பேர் தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டு இருப்பார்கள். முதலில் நான் நினைத்தேன், பிள்ளைகளை வேலை வாங்குகிறாரோ என்று. ஒருநாள் கேட்டும்விட்டேன். "நான் கூப்புடல டீச்சர், அதுங்களா வருது" என்றார்.

ஒருநாள் ஸ்டாக் ரிஜிஸ்தர் எழுதிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஒரு பிளஸ் டூ பையன் கையெல்லாம் பர்மாங்கனேட் கறை, பழுப்பாக. அவர் ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைத் தண்ணீர் விட்டு நீர்த்து, பஞ்சில் நனைத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு இருக்கிறார், கறை போகிறது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, நாலு கண்ணும் அந்த விரல்மேல்தான். அந்தப் பையன் சொல்கிறான், வீட்டில் மூன்று நாளாக அம்மா இல்லை, பாட்டி வீட்டுக்குப் போய்விட்டது, தங்கச்சிக்கு இவன்தான் சமைக்கிறான். என் பத்துப் பேரில் ஒருவன் அவன். நான் எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்து "வீட்ல ஏதாவது பிரச்சனையாப்பா?" என்று இரண்டு முறை கேட்டிருக்கிறேன். இல்லை மிஸ் என்றுதான் சொன்னான்.

எதிரில் உட்காரவைத்துக் கேட்டால் அது விசாரணை. பிள்ளைக்கு அப்படித்தான் தோன்றும். அதற்கப்புறம் நான் நாற்காலி போடுவதை விட்டேன். விடைத்தாள் கட்டு எடுத்துக்கொண்டு வா, சார்ட் ஒட்டணும் வா என்று ஏதாவது கைவேலை கொடுத்து, பக்கத்தில் நின்றுகொண்டு பேசுகிறேன்.

02.07.2024

"என்ன பேசுவது, எனக்கு அறிவுரை சொல்ல வராது" என்று எழுதியிருக்கிறீர்கள். வராவிட்டால் நல்லது! பிள்ளைகளுக்கு அறிவுரை காலை பிரேயரிலேயே கிடைத்துவிடுகிறது.

பேப்பரைப் பாருங்கள். ஜாதிச் சான்று இருக்கிறதா, வருமானச் சான்று எந்த வருடம் வாங்கியது, ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, வங்கிக் கணக்கில் அதே மாதிரி இருக்கிறதா. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். எங்கள் பள்ளியில் ஒரு பெண் தேறிவிட்டு ஒரு வருடம் பணம் வராமல் இருந்தாள், காரணம் ஒரே ஒரு எழுத்து. ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் இன்னொன்று. ஊக்கப் பேச்சு எத்தனை பேசினாலும் அந்த எழுத்து மாறாது, யாராவது ஒருவர் கூடப் போய் வரிசையில் நிற்க வேண்டும்.

அப்புறம், ஆறாம் வகுப்பு எங்கே படித்தாய் என்று கட்டாயம் கேளுங்கள். கல்லூரிப் பெண்களுக்கு மாதாமாதம் வரும் புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய், மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, எல்லாவற்றுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளிக்குப் போய்வந்திருந்தால் எதுவும் கிடையாது. இதைப் பிளஸ் டூ முடித்த பிறகு தெரிந்துகொண்டு ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று அழுத பெண்ணைப் பார்த்திருக்கிறேன்.

11.08.2024

முந்தாநாள் கோயம்புத்தூரில் தமிழ்ப் புதல்வன் தொடங்கிவிட்டார்கள், இனிமேல் பையன்களுக்கும் மாதம் ஆயிரம். புதுமைப் பெண் வந்தது 2022 செப்டம்பரில், இரண்டு வருடமாக எங்கள் பையன்கள் "எங்களுக்கு எப்ப மிஸ்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் லேபில் கைத்தட்டு. ஒருவன் மட்டும், "ஆயிரம் ரூபாயா, எங்க மாமா கூட கான்கிரீட் போடப் போனா ஒரு நாளுக்கே அவ்ளோ வரும்" என்றான். தப்பாகச் சொல்லவில்லை. அவன் கணக்குக்கு என்னிடம் அன்று பதில் இல்லை.

12.08.2024

திருத்தம். ஜூலை 2ஆம் தேதி "எதுவும் கிடையாது" என்று எழுதியது தப்பு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் அந்தப் பிள்ளைக்கு உண்டு. ஃபீஸ் கட்டிப் படித்தவர்களுக்குத்தான் கிடையாது. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. வாசலில் நின்று அழுத பெண் ஃபீஸ் கட்டிப் படித்தவள், அதையும் டி.சி. நகலை எடுத்து ஒரு முறை பார்த்துக்கொண்டேன், இல்லாவிட்டால் எனக்கே தூக்கம் வந்திருக்காது.

05.09.2024

இன்று ஆசிரியர் தினம். ரோஜாப்பூ எனக்கு ஆறு, ஆய்வக உதவியாளருக்கு முப்பது தாண்டியிருக்கும். எல்லாவற்றையும் கோனிகல் ஃபிளாஸ்கில் சொருகி வைத்திருக்கிறார். நாளைக்கு டைட்ரேஷன் வகுப்பு, ஃபிளாஸ்க் வேண்டும் என்றேன். "இதுங்களத் தூக்கிப் போட மனசு வரல டீச்சர், நீங்க வேணா நாளைக்கி தியரி எடுங்களேன்" என்கிறார்.

28.09.2024

காலாண்டு நேற்றோடு முடிந்தது. ஒரு விஷயம் சொல்ல வேண்டும், மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு இருக்கிறேன்.

முதல் குறிப்பில் ஒருவன் "குடும்பச் சூழ்நிலையால்" நின்றுவிட்டான் என்று எழுதினேன். அது நான் ரிஜிஸ்தரில் எழுதிய காரணம். நிஜத்தில் நடந்தது இது. 2019, அவன் பிளஸ் ஒன். முதல் பீரியடில் உட்கார்ந்தபடியே தூங்குவான். ஒருநாள் தானாக வந்து சொன்னான், முகூர்த்த நாட்களில் கேட்டரிங் ஆட்களோடு போய் பந்தி பரிமாறுகிறான், ராத்திரி ஒரு மணிக்கு வீட்டுக்கு வருகிறான், ஒரு நாளைக்கு 400 ரூபாய். வீட்டில் நண்பன் வீட்டில் படிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். யாரிடமும் சொல்லாதீங்க மிஸ் என்றான். சரிப்பா என்றேன்.

ஒரு வாரம் கழித்து அவன் அப்பாவை வரச்சொன்னேன். நல்லதுக்குத்தான், அப்படித்தான் நினைத்தேன். அந்த மனிதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போய், வகுப்பிலிருந்து அவனைக் கூட்டிவந்து ஸ்டாஃப் ரூம் வாசலில் வைத்து அடித்தார். பணத்தை எங்கடா வெச்சிருக்க என்று கேட்டு அடித்தார். நாங்கள் நாலு பேர் பிடித்து இழுக்க வேண்டியதாகிவிட்டது. அவன் அழவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தான். மறுநாளிலிருந்து வரவில்லை. இரண்டு முறை வீட்டுக்குப் போனோம், சித்தப்பாவோடு பெங்களூர் போய்விட்டான் என்றார்கள். எமிஸில் அவன் பெயரைக் காமன் பூலுக்கு, அதாவது பள்ளியை விட்டுப் போனவர் பட்டியலுக்கு, அனுப்பியது நான்தான், வகுப்பாசிரியர் என்பதால்.

இதை எழுதும்போதும், அவன் அப்பா அப்படி அடிப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு வாதம் மனதில் ஓடுகிறது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். "அப்பாகிட்ட சொல்லலாமா, சொன்னா என்ன ஆகும்?" என்று அவனிடமே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

29.09.2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் பிள்ளைகள் சொல்வதை யாரிடமும் சொல்லவே கூடாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை, அதுவும் ஆபத்து. ஒரு பிள்ளை தனக்குப் பாலியல் தொந்தரவு நடக்கிறது என்று சொன்னால், 2012ஆம் வருட போக்சோ சட்டப்படி நாம் புகார் கொடுத்தே ஆக வேண்டும். மறைத்தால் நம்மேலேயே வழக்கு வரும். பிளஸ் ஒன் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லத்தான் வேண்டும். தற்கொலைப் பேச்சு வந்தால் அன்றைக்கே வீடு, தலைமையாசிரியர், மனநல உதவி எண் 14416. அதனால் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று ஆரம்பத்திலேயே வாக்குக் கொடுக்காதீர்கள். "சில விஷயத்தை நான் சொல்லியே ஆகணும், ஆனா உனக்குத் தெரியாம சொல்லமாட்டேன்" என்று இப்போது முதல் நாளே சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டதும் இரண்டு பேர் பேசாமல் போனார்கள். ஒருத்தி ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள்.

கூடவே, கதவைத் திறந்துவைத்துப் பேசுங்கள். ராத்திரி பத்துக்கு மேல் வாட்ஸ்அப் வேண்டாம். ஆண் ஆசிரியர்கள் மாணவிகளை வண்டியில் ஏற்ற வேண்டாம், மழை பெய்தாலும் சரி. இதை எழுதினால் சந்தேகப்படுகிறீர்களா என்று கோபப்படுகிறவர்கள் எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் உண்டு, கோபப்படட்டும்.

08.12.2024

பெஞ்சல் புயல். மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை, ஆனாலும் ஏரிக்கரை ஓரத்துக் குடிசைகளுக்குள் தண்ணீர். பள்ளியிலேயே மூன்று நாள் ஆட்களைத் தங்கவைத்தோம். பட்டியல், பத்துப் பேர் எல்லாம் யாருக்கு ஞாபகம். சத்துணவு அமைப்பாளர் அம்மா இருநூறு பேருக்குச் சமைத்தார், எந்தப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் போய்விட்டது, எந்தப் பிள்ளைக்குச் சான்றிதழ் நனைந்துவிட்டது என்ற கணக்கு அவரிடம்தான் இருந்தது. தட்டோடு வரிசையில் நிற்கும்போதே கேட்டு வைத்துக்கொண்டாராம்.

போன மாதம் மகிழ் முற்றம் என்று பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணியாகப் பிரித்தோம். எனக்கு நெய்தல் அணி. தண்ணீரில் நிற்கும்போது ஒரு ஏழாம் வகுப்புப் பையன் "மிஸ், இப்ப எல்லாருமே நெய்தல்தான்" என்றான். முட்டிவரை சேறு, சிரிப்பு வந்துவிட்டது.

19.01.2025

அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போய், அதுவும் முடிந்து, பொங்கலும் முடிந்தது. பொங்கல் முடிந்தால் எங்கள் பக்கம் இருளர் குடும்பங்கள் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடும். முன்பணம் வாங்கியாகிவிட்டது, அம்மா அப்பா பிள்ளை எல்லோரும் போய்விட்டு ஜூன் வாக்கில்தான் திரும்புவார்கள். பிளஸ் டூவில் ஒரு பையன், சுமாராகப் படிப்பான், கை சுத்தம், அவன் செய்த டைட்ரேஷன் ஒரு சொட்டு தப்பாது. பொங்கலுக்கு முந்தின வாரம் குழாய் கழுவும்போது "மார்ச் வரைக்கும் நான் இருப்பனான்னு தெரியல அண்ணே" என்று சொல்லியிருக்கிறான். ஆய்வக உதவியாளர் அன்று சாயங்காலமே அவனைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். கேட்டுக்கொண்டு போனார், அதைக் கவனியுங்கள். பக்கத்து ஊர் விடுதிக் காப்பாளரிடம் தலைமையாசிரியர் பேசி, தேர்வு முடியும்வரை அங்கே தங்க ஏற்பாடு. அவன் அப்பா சூளைக்காரரிடம் ஒரு ஆள் குறைவதாகச் சொல்ல வேண்டியிருந்தது. அது எப்படி நடந்தது என்று அவர் எனக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போன இடத்தில் இன்னொன்று தெரிந்தது. பையனுக்கு ஜாதிச் சான்றே இல்லை. பழங்குடிச் சான்று தாசில்தார் கொடுப்பது கிடையாது, வருவாய் கோட்டாட்சியர் கொடுப்பது. அப்பாவுக்கும் இல்லை, தாத்தாவுக்கும் இல்லை. நான் பன்னிரண்டு மாதமாக எல்லோரிடமும் பேப்பரைப் பாருங்கள் பேப்பரைப் பாருங்கள் என்று சொல்கிறவள். என் வகுப்புப் பையன் அவன். ஜூனில் நான் நிரப்பிய தாளில் "விண்ணப்பிக்க உள்ளார்" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

இதுவரை மூன்று முறை போயாகிவிட்டது. முதல் முறை பிறப்புச் சான்று இல்லை, எங்கள் தப்பு. இரண்டாம் முறை உறவினர் சான்று வேண்டும் என்றார்கள், திருவண்ணாமலை மாவட்டத்தில் பெரியப்பா ஒருவருக்கு இருந்தது, பஸ் ஏறிப் போய் நகல் வாங்கி வந்தார்கள். மூன்றாம் முறை வெளியே டீக்கடையில் யாரோ ஒரு ஆள், "இருளரா, பாம்பு புடிப்பியா?" என்று சிரித்தபடி கேட்டிருக்கிறார். பையன் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டான். ஆய்வக உதவியாளர் அந்த ஆளிடம் "இவன் பியூரெட் புடிப்பான், நீ புடிப்பியா?" என்று கேட்டாராம். சொல்லும்போது அவர் சிரித்தார், பையன் சிரிக்கவில்லை.

20.01.2025

பன்னிரண்டு மாதம் இல்லை, ஏழு மாதம். கோபத்தில் கணக்கு தப்பிவிட்டது.

04.03.2025

நேற்று தமிழ்த் தேர்வு. என்னுடைய நாலு பேரும் எழுதினார்கள். ஆமாம், நாலுதான், பட்டியலில் பத்து இருக்கிறது, மீதி ஆறு பேர் யாரிடம் பேசுகிறார்களோ அவர்களிடம் பேசட்டும் என்று நவம்பரிலேயே தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன். ரெக்கார்டில் பத்து என்றே இருக்கட்டும் என்றார்.

நாலரை மணி போன் இந்த வருடம் யாருக்கும் போடவில்லை. எனக்குத்தான் பழக்கத்தில் விழிப்பு வந்துவிடுகிறது.

09.05.2025

நேற்று பிளஸ் டூ ரிசல்ட். மாநிலத்தில் 95.03 சதவீதம், எங்கள் பள்ளி அதற்குக் கொஞ்சம் கீழே. சூளைக்குப் போக இருந்த பையன் 600க்கு 371. ஜாதிச் சான்றிதழ் ஏப்ரல் கடைசியில் வந்துவிட்டது, ஐந்தாவது நடையில்.

நான் பி.எஸ்ஸி. வேதியியல் என்று முடிவே கட்டிவைத்திருந்தேன், அரசுக் கல்லூரி விண்ணப்பத்துக்கு போட்டோகூட எடுக்கச்சொல்லிவிட்டேன். அவன் ஐ.டி.ஐ. போகிறானாம், எலக்ட்ரீஷியன். எனக்கு முகம் வாடிவிட்டது போலிருக்கிறது, "மிஸ், மாசம் 750 ஸ்டைபண்டு வரும், தமிழ்ப் புதல்வன் ஆயிரம் வரும், ரெண்டு வருசத்துல வேலை" என்று என்னைத் தேற்றுகிற மாதிரி கணக்குச் சொன்னான். ஆகஸ்டில் ஒருவன் கான்கிரீட் கணக்குச் சொன்னானே, அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இவனிடம் இருந்தது. இவ்வளவு யோசித்தவனிடம் போய் நான் போட்டோ எடுத்தியா என்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். இருந்தாலும் அந்தக் கை டைட்ரேஷனுக்கு உரிய கை, அந்த வருத்தம் எனக்குப் போகாது.

15.06.2025

கேள்வி கேட்டவர் ஒரு வருடம் கழித்து எழுதியிருக்கிறீர்கள், பெயர் கொடுத்தேன், ஆறு பேர் வந்தார்கள், வாட்ச்மேன் விஷயத்தில் நான் சொன்னது தப்பு என்று. ஆறு பேர் வந்தார்களா! எனக்கு நாலுக்கு மேல் போனதில்லை. வாட்ச்மேன் என்ன செய்தார் என்று எழுதுங்கள், அதைத்தான் படிக்க ஆசை.

எங்கள் பள்ளியில் இந்த வருடப் பட்டியல் போன வாரம் ஒட்டினார்கள். ஆய்வக உதவியாளர் பெயரைப் போடச்சொல்லி நானே எழுதிக்கொடுத்தேன். போட்டிருக்கிறார்கள், பதவி என்ற இடத்தில் "இதர" என்று. பத்துப் பேர் பெயரும் டைப் அடித்து எதிரே இருக்கிறது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "இதுல எனக்குத் தெரிஞ்சது ரெண்டு பேர்தான டீச்சர்" என்றார்.

சூளைக்குப் போக இருந்த அந்தப் பையன் வெள்ளிக்கிழமை டி.சி. வாங்க வந்தான். ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக லேபுக்குப் போய், கோடை விடுமுறையில் தூசி படிந்து கிடந்த குழாய்களைப் பிரஷ் போட்டுக் கழுவிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றான். போன பிறகு அவரிடம் கேட்டேன், என்ன சொன்னான் என்று.

"ஒண்ணும் சொல்லல டீச்சர். பிரஷ் தேஞ்சிருக்கு, புதுசு வாங்குங்கன்னான்."